வைக்கோல் ஐயாவுக்கு மருத்துவ விடுப்பு

தோகிசாவா
செப்டம்பர் 9

சட்டம் ஒழுங்கான அக்காவுக்கு,

சட்டமும் இல்லாத, ஒழுங்கும் இல்லாத தம்பி இப்பெய் எழுதுவது. நலம், நலமறியக் காவல்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். என் போன் அம்மாவின் கஸ்டடியில் இருக்கிறது, ஜாமீன் கிடையாது. பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. எழுபது தாண்டியவர்கள் காருக்குப் பின்னால் ஒட்டுவார்களே நாலு இலை ஸ்டிக்கர், அதை எங்கள் தலைமையாசிரியர் காரில் ஒட்டினேன், அவ்வளவுதான். மனிதருக்கு ஐம்பதுதான் ஆகிறது. ஊரே அவருக்கு வழி விட்டிருக்கிறது. திருப்பத்துக்குத் திருப்பம் நின்று, 'நீங்க போங்க' என்று கை காட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் கல்விக்கு இவ்வளவு மதிப்பா என்று காலைக் கூட்டத்தில் நெகிழ்ந்துபோய்ப் பேசினார். அன்று சாயங்காலம் அவர் மனைவி கார் கழுவியதோடு என் கதை முடிந்தது. பரீட்சை முடியும்வரை போன் இல்லை என்று தீர்ப்பு.

வீட்டுச் செய்தி. நீ போலீஸ் பள்ளியை முடித்து, பக்கத்து ஊர் ஸ்டேஷனுக்கே, அதிலும் போக்குவரத்துப் பிரிவுக்கே பயிற்சிக்கு வந்திருக்கிறாய் என்று தெரிந்ததிலிருந்து அப்பா டாக்ஸி ஸ்டாண்டில் தலை காட்ட முடியவில்லை. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எங்கே உங்கள் ஆட்கள் வேகம் பிடிக்க ஒளிந்திருந்தாலும், எதிரே வரும் வண்டிக்கெல்லாம் விளக்கை இரண்டு தடவை சிமிட்டி, 'முன்னால எலிப்பொறி இருக்கு, மெதுவாப் போ' என்று சொல்லிச் சொல்லியே மின்மினி என்று பேர் வாங்கினவர். அந்த மின்மினி வீட்டில் பூனை வளர்ந்துவிட்டது. ஸ்டாண்டில் அவரோடு தினமும் டப்பா காபி குடிக்கும் சக்காகி மாமா இருக்கிறாரே, அவர் விடுவதில்லை. "என்னப்பா மின்மினி, வீட்டுப் பூனைக்கு மீன் வெச்சியா?" இதே கேள்வி, காலையும் மாலையும்.

சாப்பிடும்போது அப்பா உங்கள் ஆட்களைத் தாளித்துக் கொட்டுகிறார். "கொழந்தைங்க ரோட்டைத் தாண்டற எடத்துல ஒருத்தனும் நிக்க மாட்டான். எறக்கம் பாத்து, மரம் பாத்து, அதுக்குப் பின்னால போய் உக்காந்துக்குவான். எறக்கத்துல நாப்பதுல போறதுக்கு நான் என்ன பொண்ணு அழைக்கவா போறேன்?" முடித்துவிட்டு மிசோ சூப்பைப் பார்த்துக்கொண்டே, "மிசுஹோவச் சொல்லல, அவங்களச் சொன்னேன்" என்கிறார். உன்னிடம் தெரிவிக்கச் சொன்ன மாதிரி இருந்தது, தெரிவித்துவிட்டேன்.

இப்போது முக்கியச் செய்தி. அறுவடைத் திருவிழாவில் வயல் பொம்மைப் போட்டி நடந்தது. எல்லாரும் வழக்கம்போலக் கல்யாணப் பெண், பேஸ்பால் வீரர் என்று செய்து வைத்தார்கள். நான் ஒரு போலீஸ்காரரைச் செய்தேன். உடம்பெல்லாம் வைக்கோல், அதன்மேல் என் பழைய கறுப்புப் பள்ளிச் சீருடை, வெள்ளை ஹெல்மெட், முகத்துக்கு மாஸ்க், கைக்கு வெள்ளையுறை. மடக்கு நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் நம் பழைய ரைஸ் குக்கர் மூடியை வேகமானியாக நிறுத்தினேன். இடம், பெர்சிமன் பழத் தோப்பு இறக்கம். உங்கள் ஆட்கள் வழக்கமாகப் பதுங்கும் அதே மரம். பெயர் வைக்கோல் ஐயா.

முதல் நாள் பிரேக் சத்தம் ஒரு கச்சேரி. மூன்றாம் பரிசாக ஒரு பாட்டில் சோயா சாஸ் கிடைத்தது. அக்கா, சம்பளம் வாங்காத, லஞ்சம் வாங்காத, கழிப்பறைக்கும் போகாத ஒரு போலீஸ்காரரை இந்த ஊருக்கு நான்தான் தந்திருக்கிறேன். பதக்கத்துக்குச் சிபாரிசு செய்.

பிடிபடாத தம்பி,
இப்பெய்

*

ஸ்டேஷன் விடுதி
செப்டம்பர் 17

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன், இரண்டு தடவையும் முதலில் சிரித்து அப்புறம்தான் கோபப்பட்டேன். ஹெல்மெட்டில் எங்கள் சின்னம் ஏதாவது வரைந்திருந்தால் இன்றே அழித்துவிடு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சின்னம் இல்லையென்றால் அது வெறும் வயல் பொம்மை, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

நான் நன்றாக இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல். பாதி உண்மைதான். இங்கே எல்லாரையும்விட நான்தான் குள்ளம், நான்தான் புதுசு. வந்ததிலிருந்து 'கோமோரி, அதை எடு', 'கோமோரி, இதைத் துடை' என்பதைத் தவிர யாரும் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும். உன் கடிதத்தை நான் தனியாகச் சிரித்துக்கொண்டு படிப்பதைப் பார்த்துவிட்டு, எங்கள் சார்ஜென்ட் ஓகுமா என்ன என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன். ரைஸ் குக்கர் மூடி வந்தபோது அவருக்கு டீ மூக்கு வழியாக வந்துவிட்டது. இப்போது என்னை 'வைக்கோல் அக்கா' என்று கூப்பிடுகிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் 'உங்க தம்பி என்ன எழுதியிருக்கான்' என்று கேட்கிறார்கள். பக்கத்து நாற்காலி காலியாக இல்லை. அதற்காக உனக்கு நன்றி சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், தலைக்கனம் ஏறுமே என்று பயமாகவும் இருக்கிறது.

அப்பாவிடம் சொல், உட்காரும் இடத்தை நான் தேர்ந்தெடுப்பதில்லை. அவர் சொல்வதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் போன மாதம் ஒரு விபத்துக்குப் போயிருந்தேன், இறக்கம்தான். சாலையில் கிடந்த ஒரு பள்ளிப் பையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதற்கு மேல் எழுதவில்லை. அவர் லைசென்ஸில் ஏற்கெனவே புள்ளிகள் விழுந்திருக்கின்றன, நினைவிருக்கட்டும். நிறுத்தக் கோட்டில் முழுதாக நிற்காமல் உருட்டிக்கொண்டு போனதற்கு விழுந்தது. இன்னொன்று பெரிதாக விழுந்தால் லைசென்ஸ் கையில் இருக்காது, டாக்ஸியும் இருக்காது. மெதுவாகப் போகச் சொல்.

படி. போனுக்காகவாவது படி.

அக்கா,
மிசுஹோ

*

தோகிசாவா
அக்டோபர் 8

வைக்கோல் அக்கா அவர்கள் சமூகத்துக்கு,

நலம். மிக வேகமாக நலம், பிடித்து எழுதிவிடாதே.

உன் தம்பியின் புகழ் மலையைத் தாண்டிவிட்டது. வைக்கோல் ஐயாவைக் கண்டு பிரேக் போட்ட காலம் போய், இப்போது சல்யூட் அடிக்கிற காலம். பேருந்து ஓட்டுநர் தினமும் தலை குனிந்து வணக்கம் வைக்கிறார். யாரோ காலடியில் காபி டப்பாவும் ஆரஞ்சுப் பழமும் வைத்துவிட்டுப் போகிறார்கள். காபியை ஐயாவின் சார்பில் நானே ஏற்றுக்கொள்கிறேன். யாரும் வேகத்தைக் குறைப்பதில்லை. பொம்மை என்று தெரிந்த பிறகு என்ன பயம்? உண்மையைச் சொன்னால், அந்த இடத்தில் மட்டும் கூட்டி ஓட்டுகிறார்கள். உங்கள் மேல் உள்ள கோபத்தையெல்லாம் ஐயாவிடம் காட்டித் தீர்த்துக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஒருவர் ஜன்னலை இறக்கி நாக்கைத் துருத்திக் காட்டியதை நானே பார்த்தேன், நம் பல் டாக்டர்.

எல்லாரையும் மிஞ்சியவர் அப்பா. வண்டியில் யார் ஏறினாலும் அந்தத் தோப்பு வந்ததும், "எம் பையன் செஞ்சதுங்க, அச்சு அசல் பாருங்க, ஒண்ணும் பண்ண மாட்டார்" என்று சொல்லி ஆக்ஸிலரேட்டரை ஒரு அழுத்து அழுத்துகிறாராம். சக்காகி மாமா வந்து சொன்னார். அக்கா, அப்பா என்னைப் பற்றி யாரிடமாவது பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறாயா? நான் கேட்டதில்லை. ஸ்டிக்கர் விஷயத்தில்கூடச் சொல்லவில்லை, அதுவும் நல்ல வேலைப்பாடுதான்.

இனி வருவது உனக்கு மட்டும், ஊருக்குத் தெரியாது. முந்தாநாள் புயலில் ஐயா ஊறிப் போய்விட்டார். வைக்கோல் அழுகி, தலை பூசணிக்காய் மாதிரி வீங்கி, ஒரு கை கழன்றுவிட்டது. சைக்கிளில் கட்டி எடுத்து வந்து கொட்டகையில் படுக்கவைத்திருக்கிறேன். புது வைக்கோல் காய ஒரு வாரம் ஆகும். அதுவரை வைக்கோல் ஐயாவுக்கு மருத்துவ விடுப்பு. நாற்காலியை மட்டும் அங்கேயே விட்டு வந்தேன். பதவியை யாரும் பறித்துக்கொள்ளக் கூடாது அல்லவா.

ஐயாவின் அந்தரங்கச் செயலாளர்,
இப்பெய்

*

தோகிசாவா
அக்டோபர் 16

அக்காவுக்கு,

மேலே ஏதாவது வேடிக்கையாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் தோப்புப் பக்கம் போனேன். என் நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருந்தது. அதே கறுப்பு, அதே வெள்ளை ஹெல்மெட், மாஸ்க், வெள்ளைக் கையுறை. நம் ஐயாதான் குணமாகி வேலைக்குத் திரும்பிவிட்டாரோ என்று ஒரு நொடி நானே ஏமாந்துபோனேன். அப்புறம் பார்த்தால் குக்கர் மூடி இருந்த இடத்தில் நிஜக் கருவி. நிஜப் போலீஸ். ஆள் சின்ன உருவம், துளி அசையவில்லை.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சிரிப்பு. அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். மேட்டில் நின்று வருகிற வண்டிகளுக்குக் கையைக் காலை ஆட்டியிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், தோப்புக்கு மேலே சரிவில் ஏறி, ஒரு பெர்சிமன் பழத்தைப் பறித்துக்கொண்டு, நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். டிக்கெட் எடுக்காமல் சினிமா. பேருந்து ஓட்டுநர் வணக்கம் வைத்துவிட்டுப் போனார். பல் டாக்டர் நாக்கைத் துருத்தினார். இரண்டு வளைவு தள்ளிச் சிவப்புக் கொடியோடு ஒருவர் குதித்து வந்து அவரை ஓரங்கட்டியபோது நான் பழத்தை விழுங்க முடியாமல் சிரித்தேன். வேண்டியதுதான் என்று நினைத்தேன். எல்லாம் என் பொம்மையால் நடக்கிறது என்று பெருமையாகவும் இருந்தது.

அப்புறம் அப்பாவின் டாக்ஸி வந்தது.

பின் சீட்டில் ஹிராய்வா அம்மா இருந்தார்கள், வாரா வாரம் முழங்காலுக்கு வைத்தியம் பார்க்க அப்பாதானே கூட்டிப்போகிறார். இறக்கத்தில் வண்டி வேகம் எடுத்தது. அவர்களுக்குக் காட்டுவதற்காக. என் பொம்மையைக் காட்டுவதற்காக. ஜன்னல் இறங்கியது. எனக்கு மேலேவரை கேட்டது அப்பா கத்தியது: "என்ன வைக்கோல் ஐயா, எலி ஏதாச்சும் மாட்டுச்சா?"

நான் எழுந்து நின்றேன், அக்கா. அது மட்டும்தான் செய்தேன். எழுந்து நின்றபோது வண்டி தாண்டிவிட்டது.

சிவப்புக் கொடிக்காரர் அப்பாவைவிட என் வயதுக்குத்தான் பக்கம். அப்பா வண்டியை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றி, அவருக்கு இடுப்புவரை குனிந்து குனிந்து நிமிர்ந்தார். அங்கே அபராதம் எழுத மேசை போட்டு உட்கார்ந்திருந்தவருக்கும் குனிந்தார். அப்புறம் காரின் பின் கதவைத் திறந்து, காத்திருக்க வைத்ததற்காக ஹிராய்வா அம்மாவுக்கும் குனிந்தார். நான் மரத்துக்குப் பின்னால் இருந்தேன். இறங்கிப் போகவில்லை. போய் அவர் பக்கத்திலாவது நின்றிருக்கலாம். ஒளிந்துகொண்டேன்.

நாற்பதில் போக வேண்டிய இடத்தில் எழுபத்தொன்று. பழைய புள்ளிகளோடு சேர்த்து இரண்டு மாதம் லைசென்ஸ் இல்லை, போக்குவரத்து விதி வகுப்புக்குப் போனால் பாதி குறையுமாம். கம்பெனி வேலையை விட்டு நீக்கவில்லை. மற்றவர்கள் ஓட்டிவிட்டு வரும் டாக்ஸிகளைக் கழுவச் சொல்லியிருக்கிறது. சக்காகி மாமாவின் வண்டியையும் சேர்த்து.

அன்று வீட்டில் கறி சாதம். அப்பா சாப்பிட்டு முடித்துவிட்டு, "பொம்மை எங்கடா?" என்றார். கொட்டகையில் இருக்கிறது என்றேன். "ம்" என்றார். திட்டவில்லை. ஒரு அறை கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆள் யார்? உன் ஸ்டேஷன்தானே, உனக்குத் தெரிந்திருக்கும். பொம்மை என்று நினைத்துத்தான் எல்லாரும் போகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? மனுஷன் என்றால் ஒரு தடவையாவது அசைந்திருப்பான். பெயரை எழுது.

இப்பெய்

*

ஸ்டேஷன் விடுதி
அக்டோபர் 22

தம்பிக்கு,

பெயர் கோமோரி மிசுஹோ.

இந்த வரிக்குப் பிறகு நீ கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் சரிதான். படித்தால் மீதியையும் படி.

சாப்பாட்டு மேசையில் கேட்டார்கள், வைக்கோல் ஐயா எப்படி இருக்கிறார் என்று. மருத்துவ விடுப்பு என்றேன். மேசையே சிரித்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது, நான் சொல்லி எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று. ஓகுமா சார் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அப்ப அந்த நாற்காலி இப்ப காலியாத்தானே இருக்கு?" எனக்கு அப்போதே புரிந்தது. புரியாத மாதிரி இன்னொரு தடவை சிரித்தேன். உயரம் சரியாக இருக்கும், நீயே உட்கார் என்றார்கள். அதற்கும் சிரித்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வேண்டாம் என்று சொன்னால் மறுபடியும் பக்கத்து நாற்காலி காலியாகிவிடும் என்று பயந்தேன். எழுதிப் பார்க்கும்போது எவ்வளவு அற்பமாக இருக்கிறது.

நீ சொன்னது சரி. எல்லாரும் என்னைப் பொம்மை என்றுதான் நினைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பேருந்து ஓட்டுநர் வணக்கம் வைத்தார், சின்ன வயதில் நம்மை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போன அதே பேருந்து. ஒரு பெண்மணி வண்டியை நிறுத்தி இறங்கி வந்து என் காலடியில் காபி டப்பா வைத்துவிட்டு, "குளிருது, பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார். டப்பா சூடாக இருந்தது, காலணி வழியாகவே தெரிந்தது. அசையக் கூடாது என்று யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. அசைந்தால் போதும். கையைத் தூக்கி ஹெல்மெட்டைச் சரிசெய்திருந்தால் போதும். பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும், ஊருக்கே பரவியிருக்கும். அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா கத்தியது என் காதில் விழுவதற்கு முன்பே வண்டியின் எண்ணை ரேடியோவில் சொல்லிவிட்டேன். கருவியைப் பார்த்து, எண் பலகையைப் பார்த்து, வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. குரல் அப்புறம்தான் வந்தது. அதற்குப் பிறகும் வண்டிகள் வந்தன. அவற்றின் எண்களையும் சொன்னேன்.

ஓகுமா சாரிடம் அன்று சாயங்காலம் சொன்னேன், அந்த டாக்ஸி என் அப்பாவுடையது என்று. "எழுதினது எழுதினதுதாம்மா" என்றார். எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். அந்த டீயைக் குடித்தேனா என்று நினைவில்லை. இப்போது சாப்பாட்டு மேசையில் யாரும் உன்னைப் பற்றிக் கேட்பதில்லை.

அப்பாவிடம் நீ சொல்லாதே, நான்தான் சொல்ல வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. புத்தாண்டுக்கு வேலை இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிடு. வேலை இல்லை. அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, 'வந்துட்டேன்' என்று குரல் கொடுக்க என்னால் முடியாது.

மிசுஹோ

*

தோகிசாவா
நவம்பர் 3

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை.

உனக்கு மட்டும் என்று எழுதியிருந்தேன். ஊருக்குத் தெரியாது என்றும் எழுதியிருந்தேன். நீ அதை மேசையில் பரிமாறினாய். இந்த வீட்டில் நான் சொல்வதையெல்லாம் குறும்பு என்று ஒதுக்காமல் கேட்கிற ஆள் நீ ஒருத்திதான் என்று நினைத்து எழுதினேன். கேட்டது ஒரு ஸ்டேஷனே என்று தெரியாமல் போயிற்று.

அம்மாவிடம் வேலை என்று சொல்லிவிட்டேன். நம்பினார்கள். பொய் சொல்வதில் எனக்குப் பழக்கம் உண்டு, இதை மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னேன்.

இப்பெய்

*

தோகிசாவா
டிசம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் எழுதிய நாலு வரிக்கு நீ பதில் போடவில்லை. போட்டிருந்தால்தான் ஆச்சரியம். அதை எழுதிப் போட்டுவிட்டுத் தபால்பெட்டிக்குள் கையை விட்டுத் திரும்ப எடுக்கப் பார்த்தேன். கை மாட்டிக்கொண்டது. தபால்காரர் வந்து விடுவித்தார். என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குறும்பு செய்யாமலே பிடிபட்டேன்.

நீ மேசையில் பரிமாறினாய் என்று எழுதினேனே, சமைத்தது நான். சரிவில் பழம் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளைக் கேள்வி கேட்க என்ன இருக்கிறது?

பள்ளி விட்டதும் நானும் டாக்ஸி கழுவப் போக ஆரம்பித்தேன். அப்பா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு துணியைத் தூக்கிப் போட்டார். தண்ணீர் கையை அறுக்கிற குளிர். அப்பா மற்றவர் வண்டிகளைத் தன் வண்டியைவிட நன்றாகக் கழுவுகிறார், சக்கரத்துக்குள்ளே விரலை விட்டு. சக்காகி மாமா தன் வண்டியை விட வரும்போதெல்லாம் இரண்டு காபி டப்பா வாங்கி வந்து, ஒன்றை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, தானும் பக்கெட் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து குடித்துவிட்டுத்தான் போவார். பூனை, மீன் என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. அப்பாவின் கண்ணைப் பார்க்காமல், கேலி செய்யாமல் இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் சொல்லிவிட்டேன். உன் பாதியை இல்லை, என் பாதியை. நான் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், போலீஸ் உட்கார்ந்திருப்பது தெரிந்தும் யாருக்கும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டிருந்தேன் என்று. அப்பா துணியைப் பிழிந்தார். ரொம்ப நேரம் பிழிந்தார். அப்புறம் சொன்னார், நான் எதிர்பார்த்தது எதுவுமே இல்லை அது.

"நாற்காலில இருந்தது மிசுஹோ."

எப்படித் தெரியும் என்றேன்.

"அந்த மேசைக்கு முன்னால நின்னுட்டிருந்தேன்ல, அங்க ரேடியோ இருந்துச்சு. எனக்கு அடுத்த வண்டி நம்பரச் சொன்னா. கொரல் நடுங்கிச்சு. ஆனா நம்பரு தப்பில்லாமச் சொன்னா."

அக்கா, அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். கறி சாதம் சாப்பிட்ட அன்றே தெரியும். இவ்வளவு நாளும் அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு சக்கரம் கழுவியிருக்கிறார். கோபமா அப்பா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். "நான் அவளப் பாத்து அப்படிக் கத்திட்டேனே" என்றார். "பொம்மைன்னாலும் கத்தியிருக்கக் கூடாது." அப்புறம் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். முதுகை மட்டும்தான் பார்த்தேன். அந்த முதுகைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

லைசென்ஸ் போன மாதம் திரும்பி வந்தது. வண்டியும் கொடுத்தார்கள்.

இனி நான் சொல்லப்போவதில் பாதியை நீ பார்த்திருப்பாய், நேற்றுக் காலை. மீதிப் பாதி உன் பக்கத்திலிருந்து தெரிந்திருக்காது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மாதிரித் தேர்வுக்கு அப்பா என்னைக் கூட்டிப்போனார். பனி லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. பெர்சிமன் தோப்பு இறக்கத்தில் உங்கள் ஆட்கள் இருந்தார்கள். நீ இருந்தாய். மரத்துக்குப் பின்னால் இல்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, அதில் உட்காராமல் எழுந்து நின்று, காலை மாற்றி மாற்றி ஊன்றிக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். கண் உள்ளவர் யாருக்கும் தெரியும், அது வைக்கோல் இல்லை என்று.

நம் வண்டி முப்பத்தெட்டில் போயிற்று. நான் உன்னைப் பார்த்தேன். நீ கருவியைப் பார்த்தாய். அப்பா சாலையைப் பார்த்தார். இரண்டு பேரும் எவ்வளவு கவனமாகப் பார்க்காமல் இருந்தீர்கள் என்று நடுவிலிருந்த எனக்குத்தான் தெரியும்.

தாண்டியதும் எதிரே ஒரு டாக்ஸி வந்தது. சக்காகி மாமா. காலி வண்டி, ரேடியோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல நன்றாக மிதித்துக்கொண்டு. அப்பாவைப் பார்த்ததும் கையைத் தூக்கிச் சிரித்தார். மின்மினி சிமிட்டாமல் வருகிறது என்றால் அந்தப் பக்கம் பூனை இல்லை, அதுதானே அவர் கணக்கு.

அப்பாவின் கை விளக்குக் குமிழுக்குப் போனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். விரல் அதைத் தொட்டது. அப்புறம் திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டது. விளக்கு எரியவில்லை.

"அப்பா, மாமா" என்றேன்.

"அவ வேலை பாத்துட்டிருக்கா" என்றார்.

கண்ணாடியில் சிவப்புக் கொடி வெளியே வருவது தெரிந்தது. அப்பாவும் பார்த்தார். அந்தத் தேர்வில் நான் என்ன எழுதினேன் என்று கேட்காதே.

சாயங்காலம் அப்பா ஸ்டாண்டுக்குப் போய், சக்காகி மாமா எதிரில் தொப்பியைக் கழற்றி நின்று, "போலீஸ் இருந்ததப் பாத்தேன். சிமிட்டல" என்று சொன்னாராம். ஏன் என்று காரணம் சொல்லவில்லையாம். மாமாவும் கேட்கவில்லை. டப்பா விற்கிற இயந்திரத்துக்குப் போய்க் காபி வாங்கினாராம், ஒரே ஒரு டப்பா. மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். இன்று அப்பா வண்டியிலேயே உட்கார்ந்து அரிசி உருண்டையைச் சாப்பிட்டார். நம் ஊர் ஓட்டுநர்களிடம் இத்தனை வருஷம் சேர்த்து வைத்த மரியாதை ஒரு தோப்பு இறக்கத்தில் தீர்ந்துவிட்டது.

நம் ஊர் மின்மினி அணைந்துபோயிற்று, அக்கா. நான் ஊதி அணைத்தேனா, நீ அணைத்தாயா என்று பங்கு பிரிக்க எனக்கு இனி விருப்பமில்லை. வைக்கோல் ஐயாவைக் கலைத்துவிட்டேன். ஹெல்மெட்டை அப்பா கேட்டு வாங்கித் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறார், எதற்கென்று தெரியவில்லை.

நீ வராவிட்டால் அப்பா எதுவும் கேட்க மாட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எந்த ரயிலில் வருகிறாய் என்று எழுது. ரயில் ஸ்டேஷனுக்கு அவர் வருவார், நான் சொல்லிக்கொள்கிறேன். உன்னை எதுவும் சொல்ல மாட்டார். மீட்டரும் போட மாட்டார்.

இந்தக் கடிதம் உனக்கு மட்டும்.

தம்பி,
இப்பெய்

*

ஸ்டேஷன் விடுதி
டிசம்பர் 26

இப்பெய்,

இது எனக்கு மட்டும்தான் என்று படித்தேன். படித்து முடித்ததும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன், அங்கேயே இருக்கிறது. யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் தர மாட்டேன்.

முப்பதாம் தேதி, மாலை நாலு மணி ரயில். ஸ்டேஷன் வாசலில் எல்லா டாக்ஸிகளும் நிற்குமே, அங்கே மற்றவர்கள் பார்க்கத்தான் ஏறுவேன். ஓரமாக எங்காவது நிறுத்தி ஒளிக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல். முதலில் சக்காகி மாமா வண்டிக்குப் போய் நானே குனிய வேண்டியிருக்கிறது. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாலும் குனிவேன்.

மீட்டரைப் போடச் சொல். பின் சீட்டில் உட்கார மாட்டேன், அவர் பக்கத்தில்தான்.

அக்கா